கோட்டையில் ஒரு நாள், ஆம்பூரில் ஒரு வீடு

சங்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

உங்களில் சிலர் ஷூ கம்பெனியில் நாள் முழுக்க அப்பர் தைத்துவிட்டு சாயங்காலம் சங்க ஆபீசுக்கு வருகிறீர்கள். சிலர் டேனரித் தொழிலாளியின் பிள்ளைகள், கல்லூரி முடித்துவிட்டு மனு எழுதப் பழகுகிறீர்கள். சட்டமன்றமும் நாடாளுமன்றமும் கூடும் நாட்களில் நம் ஆட்களுக்கு வேண்டியதைப் படித்துக் குறிப்பெடுக்கும் வேலை இனி உங்களுடையது. அதைப் பல வருஷம் செய்தவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்லி வைக்கிறேன். ஒரு நாள் அவை நடவடிக்கையில் எது பேச்சு, எது பணம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். வீட்டு விஷயத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நம்மிடம் வரும் மனுக்களில் பாதி அதுதான்.

1. முந்தின நாளே நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள்.

சென்னைக் கோட்டையில் சட்டமன்றம் கூடியதும் பேரவைத் தலைவர் ஒரு குறளைப் படித்துப் பொருள் சொல்வார். இரங்கல் குறிப்பு இருந்தால் அது. பிறகு கேள்வி நேரம், நேரமில்லா நேரம், கவன ஈர்ப்பு. அறிக்கைகளையும் ஏடுகளையும் அவை முன் வைப்பார்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் அன்றைய துறையின் மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறை தன் செலவுக்கு அவையிடம் பணம் கேட்பது. மாலைச் செய்தியில் வருவது முன்பாதியில் கிளம்பிய வாக்குவாதமும் வெளிநடப்பும். பல்லாயிரம் கோடிக்கு ஒப்புதல் கொடுத்த பின்பாதி ஒரு வரியில் முடிந்துபோகும்.

கேள்வி நேரத்தை 2022 ஜனவரி 6 முதல் நேரலையில் காட்டுகிறார்கள், பாருங்கள். ஆனால் அதைவிட முக்கியம், மானியக் கோரிக்கை அன்று துறை வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பு. தமிழிலேயே கிடைக்கும். வீட்டுவசதி, ஊரக வளர்ச்சி, வருவாய், நகராட்சி நிர்வாகம், தொழிலாளர் நலன் ஆகிய ஐந்து துறைகளின் குறிப்பும் சங்க அலமாரியில் இருக்க வேண்டும். பட்ஜெட் உரை மேடைக்கு எழுதியது. இந்தக் குறிப்பில்தான் போன வருஷம் எத்தனை வீடு, எவ்வளவு செலவு என்ற கணக்கு இருக்கும்.

2. எந்த அவையின் வேலை என்று தெரிந்துகொண்டு மனு எழுதுங்கள்.

ரெட்டித்தோப்பு ரயில்வே பாலத்தடியில் மழைத்தண்ணீர் நிற்கிறது என்றால் ரயில்வே மத்திய அரசின் துறை, அதைக் கேட்க வேண்டிய இடம் மக்களவை. கூரை வீட்டுக்குப் பதில் காரை வீடு வேண்டும் என்றால் சட்டமன்றம். தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் நகராட்சி மன்றம். மூன்றையும் ஒரே மனுவில் எழுதி மூன்று பேருக்கும் அனுப்பினால், ஒவ்வொருவரும் மற்ற இருவரைக் கை காட்டுவார்கள்.

நம் ஊரில் இதில் ஒரு குழப்பம் உண்டு. 2019-இல் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ஆனால் மக்களவைக்கு இரண்டுமே இன்னும் வேலூர் தொகுதிதான். கலெக்டர் ஒரு ஊரில், எம்.பி. தொகுதி வேறு ஊர்ப் பெயரில். முகவரி எழுதும்போது கவனம்.

தொழில் விஷயம் பெரும்பாலும் டெல்லிக்குப் போகும். 2025 பிப்ரவரி 1 மத்திய பட்ஜெட்டில் வெட் ப்ளூ தோல் இறக்குமதிக்கு சுங்க வரியை எடுத்துவிட்டார்கள், கிரஸ்ட் தோல் ஏற்றுமதிக்கு இருந்த 20 சதவீத வரியையும் நீக்கினார்கள். அதே வருஷம் ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் குறைந்த கவலை நம் தெருவரைக்கும் வந்தது. கம்பெனியில் ஷிப்ட் குறைந்தால் வீட்டுக்கடன் தவணை நிற்கும். இரண்டும் தனித்தனிச் செய்தி என்று நினைக்காதீர்கள்.

3. ஒரு வீட்டுக்குப் பல மானியக் கோரிக்கைகள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரே கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் வரும் இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். ஒரே லைனில் தைக்கிறார்கள், ஒரே சம்பளம். ஒருத்தி ஆம்பூர் நகராட்சி வார்டில் இருக்கிறாள், இன்னொருத்தி நகராட்சி எல்லை தாண்டி ஊராட்சியில் இருக்கிறாள். இரண்டு பேருக்கும் சொந்தமாகக் கொஞ்சம் மனை, பட்டா உண்டு, மேலே ஓலைக்கூரை.

ஊராட்சிக்காரிக்கு கலைஞரின் கனவு இல்லம் திட்டம். 2024 பிப்ரவரி 19 பட்ஜெட்டில் அறிவித்தது. 360 சதுர அடி, வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். அதற்கான பணம் ஊரக வளர்ச்சித் துறையின் 42-ஆம் மானியக் கோரிக்கையில் வரும். வார்டுக்காரிக்கு அந்தத் திட்டமே கிடையாது. அவளுக்கு 2015-இல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு. அதன் முதல் கட்டத்தில், தானே வீடு கட்டிக்கொள்பவருக்கு மத்திய அரசு 1.50 லட்சம், மாநில அரசு 60,000, ஆக 2.10 லட்சம் தந்தார்கள். இது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வழியாக, வீட்டுவசதித் துறையின் 26-ஆம் மானியக் கோரிக்கையில் வரும். நகராட்சி எல்லைக்கோடு ஒன்றுக்காக 1.40 லட்சம் வித்தியாசம் இருந்தது.

அந்த மனைக்குப் பட்டா வாங்கித் தருவது வருவாய்த் துறை, 41-ஆம் கோரிக்கை. வார்டு வீட்டுக்குக் குடிநீர்க் குழாய் தருவது நகராட்சி நிர்வாகம், 34. காலணி, தோல் பொருட்கள், தோல் பதனிடும் தொழிலாளருக்கென்றே ஒரு நல வாரியம் இருக்கிறதே, அது தொழிலாளர் நலத்துறை, 32. ஐந்து நாள், ஐந்து அமைச்சர்கள், ஐந்து வாக்கெடுப்புகள். வீட்டுவசதி மானியம் அன்று மட்டும் பேப்பரை விரித்துவைத்தால் நம் வீட்டில் ஒரு சுவர்தான் தெரியும்.

4. உறுப்பினர் குறைக்கலாம், கூட்ட முடியாது.

"எங்க எம்.எல்.ஏ. சட்டசபையில இன்னும் நூறு கோடி கேட்டு வாங்கணும்" என்பார்கள். அப்படி ஒரு வழியே இல்லை. அரசியல் சட்டத்தின் 203-ஆம் பிரிவுப்படி, ஆளுநரின் பரிந்துரையோடு அரசு வைக்கும் கோரிக்கைக்கு அவை ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், தொகையைக் குறைக்கலாம். கூட்டுவதற்கு அதிகாரம் கிடையாது. கடனுக்கு வட்டி, உயர்நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் மாதிரியான செலவுகள் வாக்கெடுப்புக்கே வராது.

பிறகு உறுப்பினர் எதை வைத்துப் பேசுகிறார்? வெட்டுத் தீர்மானத்தை வைத்து. இந்தத் துறைக்குக் கேட்ட தொகையில் 100 ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, எதற்காக என்று காரணத்தையும் சொல்வார். அந்த 100 ரூபாய் யாருக்கும் முக்கியமில்லை. காரணம் பதிவாகிறது, அமைச்சர் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வருகிறது. ஆகவே நீங்கள் உறுப்பினருக்குக் கொடுக்கும் குறிப்பு அந்த வடிவத்திலேயே இருக்கட்டும். "வீடு வேண்டும்" என்று எழுதாதீர்கள். "நகராட்சி எல்லைக்குள் குடிசையில் வாழும் தோல் தொழிலாளருக்கு ஊரகப் பகுதிக்கு நிகரான தொகை தராதது பற்றி" என்று ஒரு வரியில் எழுதுங்கள். அவர் அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம்.

5. வாக்கெடுப்பு எப்படி நடந்தது என்று எழுதி வையுங்கள்.

பெரும்பாலான மானியங்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறும். ஆம் என்போர், இல்லை என்போர், தீர்மானம் நிறைவேறியது, அவ்வளவுதான். யார் எந்தப் பக்கம் என்று பெயர் பதிவாவதில்லை. எண்ணிக் கணிப்பது அபூர்வம். 2017 பிப்ரவரி 18-இல் எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கைத் தீர்மானத்தில் உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள், 122-க்கு 11. ஆட்சி நிற்குமா என்ற கேள்விக்கு எண்ணுவார்கள். வீட்டுக்கான மானியத்துக்கு எண்ணியதாக நீங்கள் செய்தி படிக்கப் போவதில்லை. அதனால் விவாதத்தில் யார் என்ன பேசினார் என்பதுதான் நமக்கு மிச்சமாகும் சாட்சி.

டெல்லியில் நிலைமை இன்னும் மோசம். மக்களவையில் ஒரு சில அமைச்சகங்களின் கோரிக்கையை மட்டும் விவாதித்துவிட்டு, மீதியெல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு விடுவார்கள். கில்லட்டின் என்று அதற்குப் பெயர். 2023 மார்ச் 23-இல் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட் செலவுக்கு, அமளிக்கு நடுவே, விவாதமே இல்லாமல் ஒப்புதல் கிடைத்தது. நாடு முழுவதும் கட்டும் ஏழை வீடுகளுக்கான பணமும் அதில்தான் போனது. கடல் தாண்டி இலங்கையில் பாருங்கள், பட்ஜெட்டின் குழுநிலை விவாதத்தில் அமைச்சு வாரியாக நாள் ஒதுக்குகிறார்கள். மலையகத் தமிழ் உறுப்பினர்கள் தோட்டத் தொழிலாளரின் லயன் அறைக்குப் பதிலாக 7 பேர்ச் நிலமும் தனி வீடும் கேட்பது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். விவாதத்துக்கு நேரம் இருந்தால்தான் ஏழையின் வீடு அவைக்குறிப்பில் ஏறும். நேரத்தைத் தின்றவர்கள் ஆளும் கட்சியா, எதிர்க்கட்சியா என்று பார்க்காமல் எழுதுங்கள்.

6. அறிவிப்பைக் கேட்டதும் இனிப்பு வாங்காதீர்கள்.

மானியக் கோரிக்கைக்குப் பதில் சொல்லி முடிக்கும்போது அமைச்சர் புது அறிவிப்புகளை வரிசையாகப் படிப்பார், மேசை தட்டும் சத்தம் கேட்கும். முதலமைச்சர் 110 விதியின் கீழ் அறிக்கை படித்தால் அதன்மேல் விவாதமும் கிடையாது. இதெல்லாம் பச்சைத் தோல் மாதிரி. மண்டியில் வந்து இறங்கியதை யாரும் செருப்பு என்று சொல்வதில்லையே. அறிவிப்புக்குப் பின் அரசாணை வர வேண்டும். அரசாணைக்குப் பின் நிதி விடுவிப்பு, மாவட்டத்துக்கு இலக்கு, பயனாளிப் பட்டியல், வேலை உத்தரவு, கட்டிய நிலைக்கு ஏற்பத் தவணை. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கழிந்துகொண்டேதான் போகும்.

ஒரு நோட்டில் அறிவிப்பு ஒன்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, துறை, சொன்னது என்ன. கீழே அரசாணை எண்ணுக்கு இடம் விடுங்கள். ஆறு மாதம் கழித்தும் அந்த இடம் காலியாக இருந்தால், அடுத்த கூட்டத்தொடருக்கு உங்கள் கேள்வி தயார்.

7. வகுத்துப் பாருங்கள்.

கோடி என்ற சொல்லைக் கேட்டு மிரளாதீர்கள். கனவு இல்லத்துக்கு 2024-25-இல் ஒதுக்கியது 3,500 கோடி ரூபாய், கட்ட நினைத்தது ஒரு லட்சம் வீடு. வகுத்தால் வீட்டுக்கு 3.50 லட்சம், கணக்கு சரி. அடுத்து, தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள். ஒரு லட்சத்தை அந்த எண்ணால் வகுத்தால் ஊராட்சிக்குச் சராசரி 8 வீடு. உங்கள் ஊராட்சியில் குடிசை எத்தனை என்று உங்களுக்கே தெரியும். இந்த வேகத்தில் உங்கள் தெருவுக்கு எந்த வருஷம் வரும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொரு கணக்கு. 2030-க்குள் 8 லட்சம் வீடு என்றார்கள். 2024-25-க்கும் 2025-26-க்கும் லட்சம் லட்சமாக இலக்கு வைத்தார்கள். மீதி 6 லட்சத்துக்கு 2029-30 வரை நான்கு பட்ஜெட். அப்படியானால் இனி வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வீடு வேண்டும். எந்தக் கட்சி ஆண்டாலும் கேட்க வேண்டிய எண் இது.

பழைய திட்டத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2011-இல் வந்த பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடிக்கு 1.80 லட்சம், சதுர அடிக்கு 600 ரூபாய். கனவு இல்லத்தில் சுமார் 970 ரூபாய். இடைப்பட்ட வருஷங்களில் மேஸ்திரிக் கூலியும் கம்பியும் எவ்வளவு ஏறின என்று ஊரில் வீடு கட்டுகிற யாரையாவது கேளுங்கள். மிச்சத்தைப் பயனாளி எங்கே கடன் வாங்கினார் என்பதும் அந்தப் பதிலிலேயே கிடைக்கும்.

8. மூன்று பத்திகளையும் படியுங்கள்.

பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு செலவுக்கும் பக்கவாட்டில் தொகைகள் இருக்கும். வரப்போகும் வருஷத்தின் மதிப்பீடு, நடப்பு வருஷத்தின் திருத்த மதிப்பீடு, அதற்கும் முந்தின வருஷத்தின் உண்மைக் கணக்கு. செய்தியாளர்கள் முதலாவதை எழுதுவார்கள். நீங்கள் மற்ற இரண்டையும் பாருங்கள். முந்தின வருஷம் 45 தான் செலவழித்து, நடப்பு வருஷத்தின் 100-ஐயும் 60 ஆகத் திருத்தியிருந்தால், அடுத்த வருஷம் 120 என்று போட்டிருப்பதற்கு என்ன மரியாதை?

தேர்தல் வருஷத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2021-இல் பிப்ரவரி 23 அன்று ஓ.பன்னீர்செல்வம் இடைக்கால பட்ஜெட் வைத்தார். ஆட்சி மாறியபின் ஆகஸ்ட் 13 அன்று பழனிவேல் தியாகராஜன் திருத்திய பட்ஜெட் வைத்தார். இடைக்காலத்தில் அவை தருவது சில மாதச் செலவுக்கான முன்பணம்தான். அப்போது வரும் எண்ணை வருஷம் முழுக்க நம்பாதீர்கள்.

மானியத்தில் வராத பட்ஜெட் செய்தியும் உண்டு. 2025-26 பட்ஜெட்டில், பெண்கள் பெயரில் பதியும் 10 லட்சம் வரையான சொத்துக்கு ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்தார்கள். 8 லட்சம் ரூபாய் மனைக்கு 8,000 மிச்சம். ஷூ கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்களாக இருக்கும் ஊரில், இது நோட்டீஸ் போர்டில் பெரிய எழுத்தில் வர வேண்டிய விஷயம்.

9. அமைச்சரின் பதிலை எடை போடப் பழகுங்கள்.

"ஆவன செய்யப்படும்", "அரசின் பரிசீலனையில் உள்ளது", "கருத்துரு வரப்பெற்றால் ஆய்வு செய்யப்படும்", "நிதிநிலைக்கேற்ப முன்னுரிமை அளிக்கப்படும்". நான்கும் ஒன்று போலக் கேட்கும், நான்கும் வேறு. கருத்துரு வந்தால் என்று சொன்னால், ஊராட்சியோ நகராட்சியோ இன்னும் காகிதமே அனுப்பவில்லை என்று புரிந்துகொண்டு அங்கே போங்கள். நிதிநிலைக்கேற்ப என்றால் இந்த வருஷம் இல்லை. தேதியோ தொகையோ சொன்னால் அதுதான் உறுதிமொழி. அப்படிக் கொடுத்த வார்த்தையைத் தொடர்ந்து கேட்கவே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அந்தக் குழு மாவட்டத்துக்கு ஆய்வுக்கு வரும்போது பழைய பதிலின் நகலோடு போய் நில்லுங்கள்.

10. பட்டா இல்லாதவரை முதலில் எழுதுங்கள்.

திட்டம் எதுவானாலும் மனை இருப்பவருக்குத்தான் வீடு. நம்மில் பல பேர் கானாற்றங்கரையிலும் ஏரிப் புறம்போக்கிலும் இரண்டு தலைமுறையாக இருப்பவர்கள். நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கிடையாது. 2007-ஆம் வருஷத்து ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் நீதிமன்ற உத்தரவுகளும் காலி செய்யத்தான் சொல்லும். அந்தச் சட்டத்தையும் இதே சட்டமன்றம்தான் நிறைவேற்றியது என்பதை மறக்காதீர்கள். அங்கே "பட்டா கொடு" என்று கேட்டு வருஷத்தை வீணாக்குவதைவிட, "எடுக்கும் முன் மாற்று இடம் எங்கே, கம்பெனியிலிருந்து எவ்வளவு தூரம்" என்று கேட்பது பலன் தரும். முப்பது கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடி கொடுத்தால் காலை ஷிப்டுக்கு வர முடியாது.

மழை வந்தால் இதெல்லாம் உயிர்ப் பிரச்சினை. 2021 நவம்பர் 19 விடிகாலையில், பாலாற்றில் வெள்ளம் போன அதே நாட்களில், பேரணாம்பட்டில் மழையில் நனைந்த வீட்டுச் சுவர் இடிந்து விழுந்து 9 பேர் இறந்தார்கள். நால்வர் குழந்தைகள். இறந்த பிறகு நிவாரணம் ஒரு கணக்கில் உடனே வருகிறது. அந்தச் சுவர் இடியாமல் இருக்கச் செலவழிக்க வேண்டிய பணம் வேறு கணக்கில், வரிசையில் காத்திருக்கிறது. விவாதத்தில் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேச ஓர் உறுப்பினரைப் பிடியுங்கள்.

பேரவையின் மனுக்கள் குழுவுக்கு எழுதும்போது விதியைப் படித்துவிட்டு எழுதுங்கள். பல வருஷம் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும், ஒரு மனுவுக்கு ஒரு பிரச்சினை, ஒரு துறை. தனி ஆளுக்குப் பட்டா வேண்டும், வேலை வேண்டும், கடன் வேண்டும் என்பதையெல்லாம் எடுக்க மாட்டார்கள். வழக்கில் இருப்பதும் ஆகாது. தெருவுக்கே பாதை இல்லை, காலனிக்கே தண்ணீர் இல்லை என்று எழுதினால் எடுப்பார்கள். தனி ஆள் பெயர் விட்டுப்போனது என்றால் அதற்கு இடம் கிராம சபை. மே 1 அன்றும் கிராம சபை உண்டு. ஊர்வலம் முடிந்ததும் கொடியோடு அங்கேயே போய் உட்காருங்கள், பயனாளிப் பட்டியலைப் படிக்கச் சொல்லுங்கள்.

11. வாடகைக்கு இருப்பவரை யாரும் பேசுவதில்லை, நீங்கள் பேசுங்கள்.

ஒரு நாள் விவாதத்தைக் கேட்டுப் பாருங்கள். குடிசை, தொகுப்பு வீடு, அடுக்குமாடி, மனைப்பட்டா எல்லாம் வரும். வாடகை வராது. நம் ஆட்களில் எத்தனையோ பேர் இரண்டு அறையில் வாடகைக்கும் போக்கியத்துக்கும் இருக்கிறார்கள். வாடகை தொடர்பாக இதே அவை இயற்றிய 2017-ஆம் வருஷத்துச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். வேறு விதமாக இருவரும் ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. 4,000 ரூபாய் வாடகைக்கு 12,000. "ஒப்புக்கொள்ளாவிட்டால்" என்ற இடத்தில்தான் பத்து மாத அட்வான்ஸ் நுழைகிறது. ஆம்பூரில் எத்தனை ஒப்பந்தம் பதிவானது என்று ஒரு கேள்வி போடச் சொல்லுங்கள், பதிலே போதும்.

கட்டுப்படியாகும் வீடு என்று டெல்லி எதைச் சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு ஒரு சதவீத ஜி.எஸ்.டி. என்ற சலுகை 45 லட்சம் ரூபாய் வரையான வீட்டுக்கு உண்டு. மாதம் 12,000 வாங்குகிறவர் ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும் அதற்கு 31 வருஷத்துக்கு மேல் ஆகும். நம் கையில் எட்டும் சலுகை சிமெண்டில் வந்தது. 2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 ஆனது. கடையில் மூட்டை விலை இறங்கியதா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

பக்கத்துத் தெருவில் பீடி சுற்றுகிறவர்களையும் பாருங்கள். அவர்களுக்கு 1976 முதல் தனிச் சட்டமும் நல நிதியும் இருந்ததால், 2016-இல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் வீட்டுத் திட்டத்தில் 1.50 லட்சம் மானியம் கிடைக்க வழி பிறந்தது. தோல் தொழிலாளிக்கு அப்படி மத்திய நிதி இல்லை, மாநில வாரியம்தான். எந்த நல வாரியத்தில் வீட்டு உதவி எவ்வளவு, எத்தனை பேர் பெற்றார்கள் என்று வாரியம் வாரியாகப் பட்டியல் கேளுங்கள். ஒரே பக்கத்தில் எல்லாம் வந்தால் வித்தியாசம் தானே பேசும்.

12. அரைப் பக்கத்தில் எழுதுங்கள்.

சாயங்காலம் போர்டில் ஒட்டும் குறிப்பு மூன்று பகுதியாக இருக்கட்டும். இன்று ஒப்புதல் ஆன பணம், இன்று அறிவித்தது, யாரும் கேட்காதது. கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் படித்து முடிக்க வேண்டும். வெளிநடப்பு செய்தியை எழுதாதீர்கள், அது எல்லோருக்கும் தெரியும். நம் கட்சிக்காரர் என்று ஒருவரைத் தூக்கி, மாற்றுக் கட்சிக்காரர் நல்ல கேள்வி கேட்டதை விட்டுவிட்டால், அடுத்த வாரம் போர்டுப் பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள்.

13. ஆள் இல்லாத காலத்திலும் மனு போகட்டும்.

நம் பகுதிக்கு ஒரு கசப்பான சரித்திரம் இருக்கிறது. 2017 செப்டம்பர் 18-இல் பேரவைத் தலைவர் 18 உறுப்பினர்களைத் தகுதிநீக்கம் செய்தபோது ஆம்பூர், குடியாத்தம், சோளிங்கர் மூன்றும் அதில் இருந்தன. 2019 ஏப்ரல் 18 இடைத்தேர்தல்வரை நாற்காலி காலி. 2018-19-க்கான பட்ஜெட் விவாதமும் மானிய வாக்கெடுப்பும் இந்த ஊர்களுக்கு உறுப்பினர் இல்லாமலேயே முடிந்தன. அதே 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலை ரத்து செய்து ஆகஸ்ட் 5-க்குத் தள்ளிவைத்தார்கள். ஜூலை 5-இல் வைத்த மத்திய பட்ஜெட்டுக்கு மக்களவை ஒப்புதல் கொடுத்தபோது வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிக்கு அங்கே எம்.பி. இல்லை. 2020 பிப்ரவரியில் குடியாத்தம் உறுப்பினர் காலமானார், அந்த இடம் 2021 பொதுத்தேர்தல்வரை நிரம்பவில்லை.

அந்த வருஷங்களிலும் இங்கே மழை பெய்தது, வாடகை ஏறியது, கூரை ஒழுகியது. வெட்டுத் தீர்மானத்தை நம் தொகுதிக்காரர்தான் கொடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வாணியம்பாடிக்காரர் கொடுக்கலாம், ராணிப்பேட்டைக்காரர் கொடுக்கலாம், கன்னியாகுமரிக்காரரும் கொடுக்கலாம். 234 பேரில் யார் தோல் தொழிலாளர், வீடு, வாடகை பற்றி எப்போதாவது பேசியிருக்கிறார் என்று அவைக்குறிப்பிலிருந்து ஒரு பட்டியல் தயாரித்து, கட்சிப் பெயரைப் பார்க்காமல் எல்லோர் முகவரியையும் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தொடர் தேதி வந்த அன்றே குறிப்புகள் தபாலில் போக வேண்டும். கேட்க ஆள் இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு இனி யாரும் இந்த ஆபீசில் சும்மா உட்காரக் கூடாது.